முக்காலிக்கு நான்காம் கால்

ஆகஸ்ட் 25, திங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியல் கைடின் வேதியியல் பகுதி இன்று என் மேசைக்கு வந்தது. எழுதியவர் சூசைமாணிக்கம் வாத்தியார். முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கையெழுத்தைப் பார்த்தால் முப்பது வருடமும் ஓடும் பேருந்தில்தான் நடத்தியிருப்பார் போலிருக்கிறது. பிரதி எடுத்து வைக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "எல்லாம் மண்டையில இருக்கு புலவரே" என்றார். அந்த மண்டை வருகிற வியாழனன்று கால்நடையாக வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறது. திருவிழா முடிந்துதான் திரும்பும்.

வெற்றிக்கொடி பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. தமிழ் படித்தவன் மதுரையில் செய்யக்கூடிய கௌரவமான வேலைகளில் கடைசியானது. பகலில் முதலாளி தனுஷ்கோடி கூப்பிட்டார்.

"புலவரே, போன வருசம் வரலாறு கைடுல ஒரு ராசா செத்துப் பன்னெண்டு வருசம் கழிச்சுப் பொறந்தாரு. ஞாபகம் இருக்குல்ல?"

"அது தட்டச்சுப் பிழைங்க."

"யாரு பிழையோ, மொத்தமும் எடைக்குப் போச்சு. இந்தத் தடவை ஒரு எண்ணு மாறுச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க. மாறலைன்னா உள்பக்கத்துல உங்க பேரைப் போடுறேன். 'மெய்ப்பு: புலவர் கூடலிங்கம்'னு. சரிதானா?"

பெயரில் எனக்கு ஆசை இல்லை என்று சொல்லிவிட்டேன். போடுவதானால் பத்துப் புள்ளி எழுத்தில் போடலாம், எட்டுப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, தடித்த எழுத்து வேண்டுமென்று நான் கேட்கவில்லை, முதலாளியாகப் பார்த்துச் செய்தால் தடுக்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பயனுள்ள நாள்.

சூசைமாணிக்கத்துக்கு ஒற்று என்றால் என்னவென்றே தெரியவில்லை. 'வேதி சமன்பாடு' என்கிறார். 'வேதிச் சமன்பாடு' என்று எல்லா இடத்திலும் மாற்றினேன். பிறகு எண்களுக்கு வந்தேன். பத்தும் அதற்குட்பட்ட எண்களும் எழுத்தால், பத்துக்கு மேற்பட்டவை இலக்கத்தால். இது நான் வகுத்த அலுவலக விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது. வாத்தியாரோ 2H₂ + O₂ → 2H₂O என்று இலக்கத்தோடு தொடங்குகிறார். 'இரண்டு H₂' என்று மாற்றிப் பார்த்தேன். அழகாக இல்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த இரண்டு ஏற்கெனவே உள்ளே, H என்ற எழுத்தின் காலடியில், சிறியதாக இருக்கிறது. உள்ளே சொன்னதை முன்னால் மறுபடி சொல்வது 'கூறியது கூறல்'. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்று.

டி.டி.பி. போடும் மெஹராஜிடம் எல்லாச் சமன்பாட்டிலும் முன்னால் நிற்கும் எண்களை எடுத்துவிடச் சொன்னேன். 11, 13 என்று சில இருந்தன. பத்துக்கு மேற்பட்டவற்றுக்கு விதி இடம் கொடுப்பதால் அவற்றை விட்டுவைத்தேன். நான் கொடுங்கோலன் அல்லன்.

"வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுக்குவமாங்கய்யா?" என்றாள் மெஹராஜ்.

"இலக்கணத்துக்கு யாரையும் கேக்க வேண்டாம்மா."

எல்லா இடத்திலும் CO₂ என்று சரியாக எழுதிவிட்டு ஓரிடத்தில் மட்டும் CO என்று விட்டிருக்கிறார். பாவம், ஊருக்குப் போகும் அவசரம். விட்டுப்போன 2ஐ நானே சேர்த்தேன். பழைய கோப்பு இருந்தால் குழப்பம் என்று அதை அழிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, புதன்

சூசைமாணிக்கம் விடைபெற வந்தார். காவி வேட்டி, ரப்பர் செருப்பு, தோளில் ஜோல்னாப் பை. பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கால் கொப்புளத்துக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டார்.

கையெழுத்துப் படியும் முதல் மெய்ப்பும் மேசையை அடைத்துக்கொண்டிருந்தன. பழைய பேப்பர்காரர் வந்ததும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சுத்தமான மேசை சுத்தமான மனத்தின் அடையாளம். சாயங்காலம் தூறல். குடை இருந்ததால் நனையாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒற்றுப்பிழை இல்லாத வேதியியல் நூல் தமிழில் இதுவே முதலாவது என்று நினைக்கிறேன். உள்பக்கத்தில் என் பெயர் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். இடம் தாராளமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

இரண்டாம் மெய்ப்பு. 'அம்புக்குறிக்கு இருபுறமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் எண்ணிக்கையில் சமமாக இருத்தல் வேண்டும்' என்ற வரியில் 'இருபுறமும்' என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மெஹராஜ் திரையில் விரலை வைத்தாள்.

"ஐயா, இந்தப் பக்கம் O ரெண்டு இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு."

"எழுதினவருக்குத் தெரியாததாம்மா?"

"அவரு எழுதுனப்ப முன்னாடி ஒரு ரெண்டு இருந்துச்சு. நாமதான எடுத்தோம்?"

"அது கூறியது கூறல்."

"சரிங்கய்யா. அப்ப மிச்ச O எங்க போச்சு?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். பானை நிறைய H₂O இருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். இந்தப் பாடத்தை மூன்று முறை திருத்தியிருக்கிறேன். வாசித்தது இன்றுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடுமுறை. மனைவி தனபாக்கியம் காலையில் இட்லி சுட்டாள். நான் எத்தனை தின்றேன் என்பதை அவள்தான் சொன்னாள். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வெயில் என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நிலவரத்தை எழுதிவிடுகிறேன்.

பக்கங்களை அச்சுக்குப் படம் எடுத்துச் சிவகாசிக்கு அனுப்ப வேண்டியது 6ஆம் தேதி சனிக்கிழமை மதியம். காலாண்டுத் தேர்வுக்கு முன் புத்தகம் கடைக்கு வந்தாக வேண்டும். வாத்தியார் திருப்பத்தூரையோ காரைக்குடியையோ நடந்து கடந்துகொண்டிருப்பார், கையில் போனும் கிடையாது. கையெழுத்துப் படி எடைக்குப் போய்விட்டது. கோப்பு என் ஆணைப்படி அழிந்தது. அட்டையில் முதலாளி 'பாடநூலில் இல்லாத சமன்பாடுகள் நூறு!' என்று சிவப்பில் போட்டு அச்சடித்தே விட்டார். நூறும் இப்போது முன்னெண் இல்லாமல், திரிசமன் செய்யப்பட்ட வாக்காளர் பட்டியல் மாதிரி நிற்கின்றன. பாடநூலைப் பார்த்து நிரப்பலாம் என்றால் அதில் இல்லை என்பதுதானே விளம்பரம்.

வேறு வேதியியல் ஆசிரியரைக் கேட்கலாம். ஆனால் மதுரையில் வேதியியல் தெரிந்த ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கைடுக்கு எழுதுகிறார். அவரிடம் சொன்னால் மாலைக்குள் எதிர்க்கடை முதலாளிக்குத் தெரியும், இரவுக்குள் நம் முதலாளிக்கும். ஆகவே மேலமாசி வீதியில் டியூஷன் நடத்தும் ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்துப் பொதுவாகக் கேட்டேன்.

"ஆக்சிஜன் குறைஞ்சா என்ன சார் செய்யணும்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்குங்கய்யா? வீட்டுலயா? எந்த ஆஸ்பத்திரில சேத்திருக்கீங்க?"

அண்ணன் என்று சொல்லி மீண்டேன். எனக்கு அண்ணன் கிடையாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மூலையில் காராச்சேவுக் கடை. பழைய பேப்பர்காரர் அங்கேதான் கட்டுக்கட்டாகப் போடுகிறார் என்று மெஹராஜ் துப்புக் கொண்டுவந்தாள். காலையிலிருந்து தவணை முறையில் சேவு வாங்கினோம். முதல் பொட்டலத்தில் சினிமா விளம்பரம். அடுத்ததில் கல்யாணப் பத்திரிகை. அதற்கடுத்ததில் நான் போன மாதம் திருத்திய புவியியல். அதில் ஓர் ஒற்றுப்பிழையை விட்டிருக்கிறேன்.

"கட்ட மொத்தமாத் தர்றியாண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டாள் மெஹராஜ்.

"பாதி ஏற்கெனவே மேலூருக்குப் போயிருச்சும்மா. தின்னவங்க வீட்டுல போயித்தான் கேக்கணும்."

மதியத்துக்கு மேல் வயிறு சரியில்லை. சேவில் மிளகாய்த்தூள் சமன்படாமல் இருந்தது.

வேறு வழி இல்லை. இந்த எண்களை யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. நானே கண்டுபிடிக்க வேண்டும். மெஹராஜிடம் சொன்னேன். அவள் பி.காம். "எனக்கு வரவு செலவு தெரியும், உங்களுக்கு இலக்கணம் தெரியும். ரெண்டையும் சேத்தா வேதியியல் வருமாங்கய்யா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

காலை முழுவதும் ஒரே சமன்பாட்டில். H₂ + O₂ → H₂O. வலப்பக்கம் ஒரு O குறைகிறது. கடைசியில் எனக்கே தோன்றிய எளிய வழி, O வின் காலடியில் ஒரு 2 போட்டுவிடுவது. H₂O₂. கணக்கு நேரானது. மெஹராஜுக்குக் காட்டினேன். அவள் பாடத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். 'வாய்பாட்டின் உள்ளே உள்ள எண்ணை எக்காரணத்தைக் கொண்டும் மாற்றக் கூடாது. H₂O தண்ணீர். H₂O₂ புண் கழுவும் மருந்து.' அதில் நான் 'எக்காரணத்தைக் கொண்டும்' என்பதற்கு ஒற்று மட்டும் சேர்த்திருந்தேன்.

பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் ஏஜெண்டுகள் வந்தார்கள். முதலாளி உள்ளிருந்து சத்தம் போட்டார். "புலவரே, இன்னும் ரெண்டு நாற்காலி கொண்டாங்க!"

இரு கையிலும் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றேன். நின்றவன் நின்றபடி இருந்துவிட்டேன்.

இரண்டு நாற்காலி. நாற்காலி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு நான்கு இருக்கிறது. அது காலின் எண்ணிக்கை. முன்னால் இருக்கும் இரண்டு, நாற்காலியின் எண்ணிக்கை. 'இரண்டு நாற்காலி' என்று சொல்வது கூறியது கூறல் ஆகாது! உள்ளே இருப்பது பொருளின் உடம்பு. முன்னால் இருப்பது எத்தனை பொருள் என்ற கணக்கு. கால் போதவில்லை என்றால் இன்னொரு நாற்காலி கொண்டுவர வேண்டும். இருக்கிற நாற்காலிக்கு ஐந்தாவது காலை ஆணியடிக்கக் கூடாது.

"என்ன புலவரே, நாற்காலியத் தூக்கிட்டு நின்னு சிரிக்கிறீங்க? அவங்க உக்காரணும்."

"உக்காரட்டுங்க. எத்தனை பேர் வேணும்னாலும் உக்காரட்டும்" என்றேன்.

ஏஜெண்டுகள் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி, தமிழ் படித்தவர் என்று விளக்கம் சொன்னார்.

ஓடிப்போய் மேசையில் எழுதினேன். வலப்பக்கம் O குறைகிறதா? இன்னொரு தண்ணீர் கொண்டுவா. 2H₂O. இப்போது இடப்பக்கம் H குறைகிறதா? இன்னொரு H₂. 2H₂ + O₂ → 2H₂O. இரண்டு பக்கமும் நாலு H, இரண்டு O. நான் எடுத்தெறிந்த அதே இரண்டுகள், எடுத்தெறிந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் அலுவலகத்தில் கைதட்டலாமா என்று தெரியவில்லை. தட்டிவிட்டேன்.

அதே நாள், மாலை

அலுமினியம் வீழ்ந்தது. 4Al + 3O₂ → 2Al₂O₃. மெஹராஜ் ஒரு வழி சொன்னாள்: "எது பெருசா மொரண்டு புடிக்குதோ அதை மொதல்ல புடிங்க. O வைக் கடைசியா விடுங்க, அது எல்லா வீட்டுக்கும் போறது." வணிகவியல் வாழ்க.

செப்டம்பர் 4, வியாழன்

கொடுங்கோலனாக இல்லாமல் இருந்ததன் பலன் இன்று கிடைத்தது. நான் விட்டுவைத்த பெரிய எண்கள் சாட்சி சொல்ல வந்தன. C₄H₁₀ + 13O₂ → CO₂ + H₂O. பதின்மூன்று O₂ என்றால் இருபத்தாறு O. அவ்வளவும் வலப்பக்கம் போய்ச் சேர வேண்டும். ஒரு C₄H₁₀ போட்டால் நாலு CO₂, ஐந்து H₂O. பதின்மூன்று O தான் ஆகிறது, சரி பாதி. இரண்டு போட்டேன். எட்டு CO₂, பத்து H₂O. பதினாறும் பத்தும் இருபத்தாறு!

"வந்துருச்சு!" என்று மெஹராஜ் கத்தினாள். முதலாளி எட்டிப் பார்த்து, "யாரு வந்தா?" என்றார்.

"கரன்ட்டுங்க" என்றேன். கரன்ட் போகவே இல்லை. ஆனால் மதுரையில் இந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை.

மூன்று மணிக்கு அவள் பழக்கத்தின் காரணமாகச் சேவு வாங்கிவந்தாள். பொட்டலத்தைப் பிரித்தவள் சேவை மேசையில் கொட்டிவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். ஓடும் பேருந்துக் கையெழுத்து! எண்ணெயில் பாதி மறைந்திருந்தது. ஒரே ஒரு வரி தெளிவு: 2KClO₃ → 2KCl + 3O₂.

நேற்று மாலை நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்ததை எடுத்து அருகில் வைத்தேன். இரண்டு, இரண்டு, மூன்று. எண்ணுக்கு எண் அதே. சேவையும் தின்றோம். அபாரமான சேவு.

சிறு வயதில் கவிதை எழுதியிருக்கிறேன். ஒரு சொல் சரியாக விழுந்தால் வரும் மகிழ்ச்சி தெரியும். அதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. சொல் சரியாக விழுந்ததா என்பதில் நண்பர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இதில் பகைவனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

காலையில் அம்மோனியா முரண்டு பிடித்தது. மதியத்துக்கு முன் வழிக்கு வந்தது. ஈய நைட்ரேட் அடைப்புக்குறிக்குள் ஒளிந்து பார்த்தது, விடவில்லை. நான்கு மணிக்கு நூற்றில் தொண்ணூற்று ஒன்பதும் நிமிர்ந்து நின்றன.

ஒன்று நிற்கவில்லை. இரும்புத் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் சமன்பாடு.

Fe₂O₃ + CO₂ → Fe + CO₂

இரும்பு பிரச்சினை இல்லை, வலப்பக்கம் 2Fe. கார்பனும் பிரச்சினை இல்லை. ஆக்சிஜன்தான். இடப்பக்கம் எத்தனை CO₂ போடுகிறேனோ வலப்பக்கமும் அத்தனை போட வேண்டியிருக்கிறது. இரும்பு கொண்டுவந்த மூன்று O மட்டும் போக்கிடமில்லாமல் நிற்கிறது. ஒன்று போட்டேன், இரண்டு போட்டேன், மெஹராஜ் ஐம்பது போட்டாள். எத்தனை போட்டாலும் அதே மூன்று.

"வாத்தியாரே தப்பா எழுதியிருப்பாருங்கய்யா."

"இருக்கலாம்" என்றேன். நம்பவில்லை. ஒற்று தெரியாதவர்தான். ஆனால் இந்தத் தொண்ணூற்று ஒன்பதில் அந்த மனிதர் ஓர் அணுவைக்கூடச் சிந்தவில்லை என்பதை இப்போது நான் அறிவேன்.

"இதை மட்டும் எடுத்துருவமா?"

"அட்டையில நூறுன்னு போட்டிருக்கேம்மா."

லட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். தின்னவில்லை. பெயர் வருகிற பக்கத்தை முதலாளி இன்று கணினியில் அடிக்கச் சொல்லிவிட்டார். அதை நான் பார்க்கவில்லை. பத்துப் புள்ளிதான்.

செப்டம்பர் 6, சனி

காலையில் எழுந்தபோதே மழை. சட்டையை மாட்டிக்கொண்டு குடையைக் கேட்டேன்.

"எந்தக் குடை?" என்றாள் தனபாக்கியம்.

"எந்தக் குடைன்னா? இருக்கிறதே ஒண்ணு."

"ரெண்டு இருக்கு. நேத்துக் கதவுக்குப் பின்னாடி கூட்டும்போது பாத்தேன்."

"யாராவது விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"நம்ம வீட்டுக்கு யாரு வர்றா? போன வாரம் தூத்தல் போட்ட அன்னைக்கு வெறுங்கைய வீசிட்டுப் போனீங்க, வர்றப்ப குடையோட வந்தீங்க. நான் அப்பவே நெனச்சேன். குறைஞ்சா எங்கயாச்சும் தேடலாம். கூடியிருக்குன்னா, கொண்டாந்தது நீங்கதான? வேற யாரு?"

குடையை வாங்கிப் பார்த்தேன். பிடியில் 'சூ.மா.' என்று ஆணியால் கீறியிருந்தது. வேளாங்கண்ணிப் பாதையில் ஒரு மனிதர் குடையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறார்.

மூன்று ஆக்சிஜன் வலப்பக்கம் காணாமற்போயிற்று என்றே நேற்றெல்லாம் தேடினேன். குறையவே இல்லை. இடப்பக்கம் கூடியிருக்கிறது. கூடியிருக்கிறதென்றால் கொண்டுவந்தது யார்?

'விட்டுப்போன 2ஐ நானே சேர்த்தேன்.' இந்த நாட்குறிப்பிலேயே, நல்ல கையெழுத்தில், ஆகஸ்ட் 26.

அவர் CO என்று எழுதியது CO தான். அது வேறு பொருள். அவர் ஒரு முக்காலியை வைத்திருந்தார். நான் அது ஊனமுற்ற நாற்காலி என்று இரக்கப்பட்டு நான்காம் காலை ஆணியடித்துவிட்டேன்.

"மழை விடட்டும், அப்புறம் போங்க" என்று தனபாக்கியம் சொல்வது காதில் விழுந்தது. இரண்டு குடையையும் விட்டுவிட்டு ஓடினேன்.

அலுவலகத்துக்குள் ஈரம் சொட்ட நுழைந்தேன். "மெஹராஜ், அந்த 2ஐ எடும்மா!" என்றேன்.

"எந்த ரெண்டுங்கய்யா? இன்னும் எடுக்க ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"இரும்புல, இடப்பக்கம், காலடியில!"

எடுத்தாள். Fe₂O₃ + CO → Fe + CO₂. இருவரும் பென்சிலை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு CO வும் ஓர் O வை ஏற்றிக்கொண்டு CO₂ ஆகிப் போகிறது. ஏற்ற வேண்டியது மூன்று O. ஆகவே மூன்று CO.

"மூணு, ரெண்டு, மூணு" என்றாள் மெஹராஜ் மெதுவாக.

Fe₂O₃ + 3CO → 2Fe + 3CO₂

இடப்பக்கம் ஆறு O. வலப்பக்கம் ஆறு O. வெளியே மழை நின்றிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

மதியப் பேருந்தில் படம் சிவகாசிக்குப் போனது. நடத்துநரிடம் நானே கொடுத்தேன். "உள்ள என்னங்க, வெடியா?" என்று கேட்டார். வெடிக்காது என்று உறுதி கொடுத்தேன். அந்த உறுதியைக் கொடுக்கும் தகுதி எனக்கு இப்போது உண்டு.

செப்டம்பர் 8, திங்கள்

தும்மல். காய்ச்சல். அலுவலகம் போகவில்லை. எலுமிச்சைச் சாற்றில் தனபாக்கியம் சோடா உப்பைப் போட்டாள். நுரைத்து வந்தது. "வெளியேறுவது CO₂" என்றேன். "குடிங்க மொதல்ல" என்றாள்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் சிவகாசியிலிருந்து கட்டு வந்தது. சற்று நேரத்தில் சூசைமாணிக்கமும் வந்தார். முகம் கறுத்து, கால் இரண்டிலும் துணி சுற்றி, கையில் ஒரு பெரிய மெழுகுவர்த்தி. குடையைக் கொடுத்தேன். "இங்கயா இருந்துச்சு? வழியெல்லாம் எவனோ திருடிட்டான்னு வஞ்சுக்கிட்டே போனேன், மாதா மன்னிக்கணும்" என்றார். மாதா யாரை மன்னிக்க வேண்டும் என்பதில் நான் தலையிடவில்லை.

உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாக ஆள்காட்டி விரலை வைத்து வந்தார். முதலாளி எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். நான் முதலாளி முகத்தைப் பார்த்தேன். மெஹராஜ் திரையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

இரும்பு வந்தது. விரல் நின்றது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார்.

"இது எப்படி?" என்றார்.

முதலாளி நிமிர்ந்தார். "ஏன், தப்பா? எண்ணு மாறிருச்சா?"

"மாறல. நான் போடவே இல்லையே!"

வேறு இடம் பார்க்க எந்தத் தெருவில் தொடங்கலாம் என்று நான் யோசித்தேன்.

"கேளுங்க முதலாளி. பட்டுக்கோட்டை தாண்டி நடந்துக்கிட்டிருக்கேன். திடீர்னு மண்டையில அடிச்ச மாதிரி ஞாபகம் வருது, இந்த ஒரு சமன்பாட்டுக்கு மட்டும் முன்னாடி எண்ணே போடாம அப்படியே குடுத்துட்டேன்னு. முப்பது வருசத்துல செய்யாத தப்பு. திரும்ப முடியுமா? போன் போடலாம்னா உங்க நம்பரு மண்டையில இல்ல. அங்கயே நின்னு, 'தாயே, மிச்சத்த நான் பாத்துக்கிட்டேன், இது ஒண்ண நீ பாத்துக்க'ன்னு வேண்டினேன். இப்பப் பாருங்க." புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "மூணு. ரெண்டு. மூணு. இது புதுமை முதலாளி. சத்தியமா மாதா செஞ்ச அற்புதம்!"

முதலாளி எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார். புத்தகத்தை வாங்கி இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இரும்பு ஆக்சைடுக்கு இதற்கு முன் இப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது. மெஹராஜுக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போனாள். கோழிப்பண்ணைக்குள் நரி புகுந்தது மாதிரி ஒரு சத்தம் வாசலில் சற்று நேரம் கேட்டது.

"புலவரே, நீங்கதான மெய்ப்புப் பாத்தீங்க. உங்க கண்ணுல இது படலையா?" என்றார் முதலாளி.

"பட்டதுங்க. சரியா இருந்துச்சு. சரியா இருக்கிறதை நான் தொடறதில்லை."

மாதாவின் பங்கு ஒன்று, என் பங்கு தொண்ணூற்று ஒன்பது என்று வாய் வரை வந்தது. முன்னெண்களை எடுத்தது யார் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும் என்பதால் விழுங்கினேன். தவிரவும், அந்த மூன்று ஆக்சிஜன் விஷயத்தில் தனபாக்கியம் பெருக்கும்போது கதவுக்குப் பின்னால் பார்த்திருக்காவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? எந்தத் தாய் யார் மூலம் பேசுகிறாள் என்று நான் எப்படிச் சொல்வது?

உள்பக்கத்தைத் திருப்பினேன். மெய்ப்பு: புலவர் கூடலிங்கம். பத்துப் புள்ளி. தடித்த எழுத்து. நான் கேட்கவில்லை.

சுவரில் இருக்கும் என் விதியின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'நாற்காலிகளுக்குப் பொருந்தாது.' முதலாளி படித்துவிட்டு, மர நாற்காலிக்கா இரும்பு நாற்காலிக்கா என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன்.

வாத்தியார் மெழுகுவர்த்தியை முதலாளி மேசையில் ஏற்றினார். பட்டப்பகலில் நிதானமாக எரிந்தது.

"மெழுகுக்கு வாய்பாடு என்னங்கய்யா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் புலவரே? பல சாமான் கலந்தது. பாடம் நடத்த C₂₅H₅₂ன்னு வச்சுக்குவோம்."

அவர்கள் வணங்கிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சுடரைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். கார்பன் இருபத்தைந்து, ஆகவே இருபத்தைந்து CO₂. ஹைட்ரஜன் ஐம்பத்திரண்டு, ஆகவே இருபத்தாறு தண்ணீர். ஆக்சிஜன் ஐம்பதும் இருபத்தாறும் எழுபத்தாறு. பாதி முப்பத்தெட்டு. பென்சில் தேவைப்படவில்லை.

C₂₅H₅₂ + 38O₂ → 25CO₂ + 26H₂O

முன்னெண் மூன்றும் பத்துக்கு மேல். விதிப்படியே இலக்கத்தில் நிற்கலாம். யாரும் எடுக்க முடியாது.